குட்டான் இல்லாமல் பனங்கட்டி போய்ச் சேராது: விற்றமின் ஏ-யைச் சுமக்கும் ஒரு புரதத்தின் வரலாறு

அம்மம்மா சாட்டியில் பிறந்து வளர்ந்தவ. 1990–91இல் தீவுப்பகுதி இராணுவத்தின் கைக்குப் போனபோது மற்றச் சனங்களைப் போல அவவும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணப் பக்கம் இடம்பெயர்ந்தவ. அந்த நாட்களைப் பற்றி அவ சொல்லுற கதைகளில் ஒன்று என்ர மாமாவின் கண்ணைப் பற்றியது.

மாமாவுக்கு அப்ப நாலு வயசு. முதலில் வயிற்றோட்டம், அது மாற முதல் சின்னமுத்து. எலும்பும் தோலுமாய்ப் போன பிள்ளை. ஒருநாள் பொழுதுபடுற நேரம் முற்றத்தில் நின்ற அம்மம்மாவைக் காணாமல் அவவைத் தாண்டிப் போய் வேலியில் மோதி விழுந்தாராம். மின்சாரம் இல்லாத காலம். மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து எரித்த சிக்கன விளக்குத்தான் வீட்டுக்கு வெளிச்சம். "எல்லாருக்கும் இருட்டு. அதில ஆருக்குக் கண் தெரியேல்ல எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?" என்று அம்மம்மா இப்பவும் கேட்பா.

பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஒரு ஆச்சி, "இது மாலைக்கண், ஆட்டீரல் குடு" என்று சொன்னாவாம். ஆட்டீரலுக்கு எங்கே போவது? வேலியில் முருங்கை நின்றது. அம்மம்மா ஒவ்வொரு நாளும் முருங்கையிலை வறை வறுத்துக் கொடுத்தா. "இலை திண்டும் கண் உடன வரேல்ல. பருப்பும் முட்டையும் மீனும் கொஞ்சம் கொஞ்சமாய்க் கிடைச்சு, உடம்பில சதை பிடிச்சாப் பிறகுதான் வந்தது" என்பா.

ஒரு பிள்ளையின் கதையை வைத்து விஞ்ஞானம் சொல்ல முடியாது. முட்டையிலும் மீனிலும் விற்றமின் ஏ-யும் இருக்கிறது, புரதமும் இருக்கிறது. மாமாவின் கண்ணை எது திருப்பிக் கொடுத்தது என்று இனி ஆரும் பிரித்துச் சொல்ல ஏலாது. ஆனால் அம்மம்மா சொன்ன அந்தக் கடைசி வசனம், "சதை பிடிச்சாப் பிறகுதான்" என்பது, உயர்தரத்தில் உயிரியல் படிக்கும்போது எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது. விற்றமின் ஏ-யை இரத்தத்தில் சுமந்து செல்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது என்று படித்த நாள் அது. அந்தப் புரதத்தின் வரலாற்றைத் தேடிப் போனால் கோப்பன்ஹேகன், கெய்ரோ, மதுரை, திருச்சி என்று பல ஊர் சுத்தி, கடைசியில் எங்கட தீவுக்கே வந்து நிற்க வேண்டியதாய்ப் போயிற்று.

வெண்ணெய் போன கப்பல்

1913இல் அமெரிக்காவில் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் எல்மர் மக்கொலமும் மார்கரிட் டேவிஸும் எலிகளை வைத்து ஒரு விசயத்தைக் கண்டுபிடித்தார்கள். வெண்ணெயிலும் முட்டை மஞ்சட்கருவிலும் உள்ள கொழுப்பில் ஏதோ ஒன்று இருக்கிறது; அது இல்லாவிட்டால் எலிக்குஞ்சுகள் வளருவதில்லை. அதே ஆண்டில் ஒஸ்போர்ண், மென்டெல் என்ற இருவரும் தனியே இதே முடிவுக்கு வந்தார்கள். கொழுப்பில் கரையும் அந்தப் பொருளுக்குத்தான் பிறகு விற்றமின் ஏ என்று பெயர் வந்தது.

எலிக்கூண்டில் கண்டதை மனிசப் பிள்ளைகளில் காட்டியது முதலாம் உலகப்போர். டென்மார்க் வெண்ணெய்க்குப் பெயர்போன நாடு. போர்க்காலத்தில் வெண்ணெய்க்கு வெளியில் நல்ல விலை. அதனால் வெண்ணெய் கப்பலேறியது. கடைந்தெடுத்த பாலும் மாஜரினும் ஏழைப் பிள்ளைகளுக்கு மிஞ்சின. கோப்பன்ஹேகன் வைத்தியர் கார்ல் பிளொக் கண் வறண்டு, கருவிழி வெந்து, பார்வை போகும் நிலையில் பிள்ளைகள் வருவதைக் கண்டு எழுதினார். பிறகு கடல்வழிகள் அடைபட்டு ஏற்றுமதி விழ, வெண்ணெய் நாட்டுக்குள்ளேயே பங்கீட்டு முறையில் கொடுக்கப்பட்டது. 1918இல் அந்தக் கண் நோய் மளமளவென்று குறைந்தது.

இதை வாசிக்கும்போது கொஞ்ச நேரம் நிறுத்தி யோசித்தேன். அங்கே கடல் அடைபட்டதால் பிள்ளைகளின் கண் தப்பியது. எங்களுக்குப் பாதை அடைபட்டபோது நடந்தது வேறு. ஒரு தடை ஆரின் வயிற்றை நிரப்பும், ஆரின் வயிற்றைக் காயவிடும் என்பதைத் தீர்மானிக்கிறது உள்ளே இருப்பதை ஆர் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதுதான்.

1930களுக்குள் மிச்சக் கேள்விகள் பல வெளித்தன. கேம்பிரிட்ஜில் தோமஸ் மூர், இலைகளிலும் கரட்டிலும் உள்ள கரோட்டீன் உடம்புக்குள் விற்றமின் ஏ-யாக மாறி ஈரலில் சேர்கிறது என்று காட்டினார். 1931இல் பவுல் கரர் அதன் கட்டமைப்பைச் சொன்னார். 1933இல் ஜோர்ஜ் வோல்ட் விழித்திரையிலேயே விற்றமின் ஏ இருப்பதைக் கண்டார். மங்கிய வெளிச்சத்தில் நாங்கள் பார்ப்பதற்கு வேண்டிய நிறப்பொருள் அதிலிருந்துதான் உண்டாகிறது. மாலைக்கண் ஏன் முதலில் வருகிறது என்பதற்கு விடை அதுதான். அதே 1933இல் கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ், தேரையின் தோல் போல மனிசத் தோல் சொரசொரப்பாகும் ஒரு நிலையை விவரித்து, அது விற்றமின் குறைபாடு என்று எழுதினார். இலங்கையின் சாப்பாட்டுத் தட்டும் அப்பவே இந்த வரலாற்றுக்குள் வந்துவிட்டது.

ஈரலில் இருக்கிறது, கண்ணுக்கு வேணும். இரண்டும் தெரிந்துவிட்டது. இடையில் ஆர் கொண்டு போகிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடை வர இன்னும் 35 வருசம் பிடித்தது.

எண்ணெயை எப்படித் தண்ணியில் அனுப்புவது?

விற்றமின் ஏ-யின் இரத்தத்தில் ஓடும் வடிவத்துக்கு ரெற்றினோல் என்று பெயர். அது எண்ணெய்ச் சாதி. தண்ணியில் கரையாது. இரத்தமோ பெரும்பாலும் தண்ணி. அதோடு ரெற்றினோல் மூடிவைக்காவிட்டால் ஒட்சிசன் பட்டுப் பழுதாகிவிடும். அளவுக்கு மிஞ்சித் தனியே திரிந்தால் கலங்களின் சவ்வையும் கெடுக்கும். ஆகவே அதைப் பொதி செய்துதான் அனுப்ப வேணும்.

1968இல் நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கனாய், ராஸ், டிவிட் குட்மன் மூவரும் அந்தப் பொதியைக் கண்டுபிடித்தார்கள். கதிரியக்கக் காபன் சேர்த்த விற்றமின் ஏ-யை மனிதர்களுக்கு ஊசியாக ஏற்றி, பிறகு அவர்களின் இரத்தத்தை எடுத்து, கதிர் எந்தப் புரதத்தோடு போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். சந்தையில் ஒரு நோட்டில் அடையாளம் போட்டுவிட்டு அது எந்தக் கையில் போய்ச் சேருது எண்டு பார்க்கிற மாதிரி. கடைசியில் பிடிபட்டது மூலக்கூற்று நிறை சுமார் 21,000 உள்ள ஒரு சின்னப் புரதம். அதற்கு ரெற்றினோல் பிணைக்கும் புரதம் என்று பெயர் வைத்தார்கள். இனி அதைச் சுமைப்புரதம் என்றே சொல்கிறேன்.

இன்னொரு விசயத்தையும் அவர்கள் கவனித்தார்கள். சுமைப்புரதம் தனியே திரிவதில்லை. அதைவிடப் பெரிய இன்னொரு புரதத்தோடு ஒட்டிக்கொண்டு போகிறது. தைரொயிட் ஓமோனையும் சுமக்கும் அந்தப் பெரிய புரதத்தை இன்று ட்ரான்ஸ்தைரெற்றின் என்கிறோம். நிறை சுமார் 55,000. எதற்கு இந்தத் துணை? சிறுநீரகத்தை மா அரிக்கிற அரிதட்டு என்று நினையுங்கோ. சின்னது கண்ணுக்குள்ளால் விழுந்துவிடும், பெரியது மேலே நிற்கும். சுமைப்புரதம் தனியே வந்தால் அரிதட்டால் விழுந்து போகக்கூடிய அளவு. பெரிய புரதத்தோடு சேர்ந்தால் விழாது. சரக்கை இறக்கிக் கொடுத்த பிறகு அதன் பிடி தளர்ந்து, பெரிய புரதத்தை விட்டு விலகி, சிறுநீரகத்தில் வடிந்து கழிகிறது. சரக்கோடு இருக்கும்போது காவல், சரக்கு இறங்கினால் பயணம் முடிவு.

சரக்கில்லாத துறை, படகில்லாத துறை

சாட்டியில் இருக்கிற எங்களுக்கு யாழ்ப்பாணம் போக றோட்டு இருக்கு. நயினாதீவு, நெடுந்தீவுச் சனத்துக்கு அப்படியில்லை. குறிகட்டுவான் துறையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: அக்கரைக் கடையில் அரிசி இல்லை என்றால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, துறைக்கு அரிசி வந்து சேரவில்லை, படகு வெறுமனே நிற்கிறது. மற்றது, துறையில் மூட்டை அடுக்கிக் கிடக்கிறது, படகு இல்லை. அக்கரைக் கடைக்கு முன்னால் நிற்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் தீர்வு இரண்டுக்கும் வேறு வேறு.

1970களில் ஆய்வாளர்கள் ஈரலில் கண்டதும் இதைத்தான்.

முதல் வகை: சரக்கில்லை. விற்றமின் ஏ இல்லாத உணவு கொடுத்த எலிகளின் ஈரலைப் பார்த்தபோது சுமைப்புரதம் அங்கே தேங்கிக் கிடந்தது. ரெற்றினோல் ஏறாமல் அது இரத்தத்துக்குப் புறப்படுவது குறைவு. ஒருமுறை விற்றமின் ஏ கொடுத்தவுடன் காத்திருந்த புரதமெல்லாம் குறுகிய நேரத்துக்குள் சுமையோடு கிளம்பின.

இரண்டாம் வகை: படகில்லை. 1973இல் வந்த ஒரு ஆய்வு கெய்ரோவில் புரதமும் சக்தியும் போதாமல் மெலிந்து வீங்கிய பிள்ளைகளைப் பற்றியது. குட்மனின் குழுவோடு எகிப்திய வைத்தியர்களும், முன்பு குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த வி. என். பட்வர்தனும் அதில் சேர்ந்திருந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் இரத்தத்தில் விற்றமின் ஏ-யும் குறைவு, சுமைப்புரதமும் குறைவு, துணைப்புரதமும் குறைவு. அவர்களில் சிலருக்கு விற்றமின் ஏ தனியே கொடுக்காமல் புரதமும் சக்தியும் உள்ள சாப்பாட்டை மட்டும் கொடுத்தபோதும் மூன்றும் ஏறின! அதாவது ஈரலில் சரக்கு கொஞ்சமாவது இருந்திருக்கிறது. அதை வெளியே எடுத்துப் போக ஆள் இல்லாமல் இருந்திருக்கிறது.

ஏன் ஆள் இல்லை? புரதம் செய்ய அமினோவமிலம் வேணும். சாப்பாட்டில் புரதம் இல்லாவிட்டால் ஈரல் எதை வைத்துச் செய்யும்? இந்தச் சுமைப்புரதம் இரத்தத்தில் அரை நாளளவில் பாதியாகிவிடும். திரும்பத் திரும்பச் செய்துகொண்டே இருக்க வேணும். நாகச் சத்துக் குறைந்தாலும் இது குறைகிறது என்று எலிகளில் கண்டார்கள். காய்ச்சல், தொற்று வந்தாலும் ஈரல் இதன் உற்பத்தியைக் குறைத்துவிடும். வயிற்றோட்டமும் சின்னமுத்தும் ஒன்றுக்குப் பின் ஒன்றாய் வந்த ஒரு நாலு வயசுப் பிள்ளையை இப்ப யோசித்துப் பாருங்கோ.

மதுரைக்கு வந்த புரதம்

இந்த வரலாற்றின் தமிழ்ப் பக்கம் மதுரையில் இருக்கிறது. கோ. வெங்கடசாமி 1918இல் வடமலாபுரத்தில் பிறந்தவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அதே விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி, பல்லாயிரம் கண் சத்திரசிகிச்சைகள் செய்த வைத்தியர். 1976இல் ஓய்வு பெற்ற பிறகு 11 கட்டில்களோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி நிறையப் பேருக்குத் தெரியும். அதற்கு முன்னால், மதுரை அரசு மருத்துவமனையில் இருந்தபோது அவர் செய்த இன்னொரு வேலை அவ்வளவு பேசப்படுவதில்லை.

விற்றமின் ஏ குறைந்து கண் போகும் நிலையில் வரும் பிள்ளைகளை மருந்து கொடுத்து அனுப்பினால், கொஞ்ச நாளில் அதே பிள்ளை அதே கண்ணோடு திரும்பி வரும். சில பிள்ளைகள் திரும்பி வருவதே இல்லை. ஆகவே 1970களின் தொடக்கத்தில் பிள்ளையைத் தாயோடு தங்கவைத்துச் சாப்பாடு கொடுக்கும் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் ஒன்றை அவர் தொடங்கினார். கீரையும் பருப்பும் தானியமும்தான் அங்கே மருந்து. அந்தந்த ஊரில் மலிவாகக் கிடைப்பதை வைத்து எப்படிச் சமைப்பது என்று தாய்மார் அங்கேயே பழகினார்கள்.

ஒக்ஸ்ஃபோர்டில் கண்ணின் உயிர்வேதியியலில் பெயர்பெற்ற அன்ரனெற் பிரி ஓய்வு பெற்ற பிறகு இந்த மையத்தோடு சேர்ந்து வேலை செய்தார். ஆயுள் முழுக்கக் கண்வில்லையின் புரதங்களை ஆராய்ந்த ஒருவர், வயது போன காலத்தில் மதுரையில் கீரைச் சட்டியைப் பற்றி அக்கறைப்பட்டார். 1976இல் இந்த மையத்தைப் பற்றிய கட்டுரை லான்செட்டில் வந்தது.

அடுத்த ஆண்டு, 1977இல், வெங்கடசாமியும் பிரியும் லிவர்பூலைச் சேர்ந்த குளோவரும் இன்னொரு ஆய்வாளரும் சேர்ந்து இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். மையத்துக்கு வந்த, கண் வறண்ட, மெலிந்த பிள்ளைகளின் இரத்தத்தில் இதே சுமைப்புரதம் சிகிச்சைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று அளந்த ஆய்வு அது. வரும்போது தாழ்ந்து கிடந்த அளவு, சிகிச்சையோடு ஏறியது. நியூயோர்க் ஆய்வுகூடத்தில் பிரித்தெடுத்து ஒன்பது வருசத்துக்குள் அந்தப் புரதம் மதுரைப் பிள்ளைகளின் உடல் தேறுவதை அளக்கிற கோலாக வந்துவிட்டது.

எனக்கு இந்தக் கட்டுரை முக்கியமாய்ப் பட்டதற்குக் காரணம் இருக்கு. அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு குறையும் சேர்ந்தே இருந்தது. துறையில் சரக்கும் குறைவு, படகும் குறைவு. ஏழை வீட்டுப் பசி ஒரு நேரத்தில் ஒரு சத்தாகக் குறைவதில்லை. எல்லாம் சேர்ந்துதான் குறையும்.

குட்டானுக்குள் ஒரு பனங்கட்டி

புரதம் இருக்கிறது, வேலை இது என்று தெரிந்த பிறகும் அது என்ன வடிவம் என்று தெரியாமல் இருந்தது. 1984இல் சுவீடனின் உப்சாலாவில் மார்சியா நியூகமர், அல்வின் ஜோன்ஸ் முதலானோர் மனித இரத்தத்திலிருந்து எடுத்த இந்தப் புரதத்தைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிர் பாய்ச்சி அதன் வடிவத்தைக் கண்டார்கள்.

எங்கட ஊர்ப் பனங்கட்டிக் குட்டானைக் கையில் எடுத்துப் பாருங்கோ. ஓலையை ஒடுக்கமாய் வார்ந்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து இழைத்த சின்னக் கூடு. சுமைப்புரதமும் ஏறக்குறைய அப்படித்தான். 180க்குச் சற்று மேற்பட்ட அமினோவமிலங்கள் கோத்த ஒற்றைச் சங்கிலி, எட்டு இழைகளாக மேலும் கீழும் மடிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுத்தி வளைந்து ஒரு பீப்பாய் மாதிரி நிற்கிறது. உள்பக்கத்தில் தண்ணியை விரும்பாத அமினோவமிலங்கள். எண்ணெய்ச் சாதியான ரெற்றினோலுக்கு அது வசதியான மெத்தை. வெளிப்பக்கம் தண்ணியோடு ஒத்துப்போகும். ரெற்றினோலின் வளையப் பகுதி கூட்டின் அடியில் போய் உட்கார, வால் நுனியில் உள்ள ஒட்சிசன் பகுதி வாயருகே நிற்கிறது. ஒரு குட்டானுக்குள் ஒரே ஒரு பனங்கட்டி.

இரண்டு வருசம் கழித்துப் பசுப்பாலில் உள்ள ஒரு புரதத்தின் வடிவம் வெளிவந்தபோது ஆச்சரியம்: அதே பீப்பாய். இப்படி எண்ணெய்ப் பொருட்களைப் பொதிந்து சுமக்கும் ஒரு பெரிய புரதக் குடும்பமே இருப்பது பிறகு தெரியவந்தது. 2007இல் லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு குழு, கலத்தின் வாசலில் நின்று இந்தக் குட்டானிலிருந்து பனங்கட்டியை வாங்கி உள்ளே விடும் வாங்கியையும் கண்டுபிடித்தது. ஸ்ட்ரா6 என்று அதற்குப் பெயர். கண்ணில் அது நிறைய இருக்கிறது.

குட்டானே இல்லாவிட்டால்? 1999இல் இரண்டு விடைகள் வந்தன. சுமைப்புரத மரபணுவை நீக்கிய எலிகளின் ஈரலில் விற்றமின் ஏ சேர்ந்துகொண்டே போனது, ஆனால் அதை வெளியே எடுக்க முடியவில்லை. குஞ்சுகளின் பார்வை பழுதாயிருந்தது. உணவில் தொடர்ந்து விற்றமின் ஏ கிடைத்தபோது மாதங்கள் போகப் போகப் பார்வை தேறியது. காரணம், சாப்பிட்டவுடன் குடலிலிருந்து கொழுப்புத் துளிகளோடு கொஞ்சம் நேரடியாகவும் உடம்புக்குப் போகும். ஆனால் சாப்பாடு நின்றால் கையிருப்பை எடுத்துச் செலவழிக்க அந்த எலிகளால் ஏலாது. அதே ஆண்டில் ஜேர்மனியில் இந்தப் புரதம் பிறவியிலேயே பழுதான இரண்டு சகோதரிகளைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலும் சுகமாய் வளர்ந்தவர்கள். கண் மட்டும் பாதிப்பு, இருட்டில் பார்வை இல்லை. உடம்பின் மற்ற இடங்கள் எப்படியோ சமாளித்துக்கொள்ள, கண் மட்டும் இந்தப் படகையே நம்பி இருக்கிறது.

ஒரு சொட்டு எண்ணெயும் ஒரு பிடி சோறும்

"அப்ப விற்றமின் குளிசை குடுக்கிறது வீண் வேலையோ?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இங்கே அவசரப்பட்டு ஒரு பக்கம் சாயக்கூடாது.

1990இல் லக்ஷ்மி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டத்தில் 15,419 சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஒவ்வொரு கிழமையும் வீட்டுக்குப் போய், ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குச் சின்ன அளவில், 8,333 அலகு, விற்றமின் ஏ-யை விற்றமின் ஈ-யோடு கொடுத்தார்கள். மற்றப் பகுதிக்கு விற்றமின் ஈ மட்டும். விற்றமின் ஏ பெற்ற பிள்ளைகளில் மரணம் 54 சதவீதம் குறைவாக இருந்தது. அது உணவிலிருந்தே பெறக்கூடிய அளவுதான் என்பதை ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள்.

அதே 1990இல் ஹைதராபாத் பக்கம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பெரிய அளவில் 2,00,000 அலகு கொடுத்த இன்னொரு ஆய்வில் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. 2013இல் வெளிவந்த உத்தரப்பிரதேச ஆய்வு சுமார் 10 இலட்சம் பிள்ளைகளை உள்ளடக்கியது. அதில் குறைவு 4 சதவீதம் மட்டும், அதுவும் தற்செயலாய் இருக்கக்கூடிய அளவு. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. குறைபாடு கடுமையாக உள்ள இடத்தில் விற்றமின் ஏ உயிரைக் காப்பாற்றும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பசியின் மற்றப் பக்கங்களை விட்டுவிட்டுக் குளிசையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால், எண்ணிக்கை ஏறும், பிள்ளை ஏறாது. மேலே கொடுக்கிற அந்த எண்ணெய்த் துளியும் ஈரலுக்குப் போய்ச் சேர்ந்தபின் சரக்குத்தான். அதுவும் படகுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

கீரையிலும் இதே கதை. முருங்கையிலையில் உள்ள கரோட்டீனைக் குடல் உறிஞ்சக் கொஞ்சம் கொழுப்பு வேணும். எங்கட ஆக்கள் வறைக்குத் தேங்காய்ப்பூ போடுவது ருசிக்கு எண்டுதான் நான் நினைத்திருந்தேன். ஆனா தேங்காய் வாங்கக் காசில்லாத வீட்டில் கீரைக்கும் பாதி வேலைதான் செய்ய ஏலும்.

எண்ணப்படாத பிள்ளைகள்

இன்று பல விற்றமின் ஏ கணக்கெடுப்புகளில் ரெற்றினோலுக்குப் பதிலாக இந்தச் சுமைப்புரதத்தையே அளக்கிறார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தம் போதும், செலவும் குறைவு. காய்ச்சல் உள்ள பிள்ளையில் அளவு தாழ்ந்து காட்டும் என்பதால் அதற்கும் ஒரு திருத்தம் போடுகிறார்கள்.

ஆனால் கணக்கெடுக்க முதலில் ஆள் வர வேணும். இலங்கையின் சனத்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு 1987இலும் 1993இலும் நடந்தபோது வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. 2006–07இல் கிழக்கு சேர்ந்தது, வட மாகாணம் இல்லை. தேசிய அட்டவணைகளில் அந்த வருசங்களுக்குரிய "இலங்கைப் பிள்ளைகள்" என்ற வரியில் எங்கட தீவுப் பிள்ளைகள் ஆரும் இல்லை. மாமா வேலியில் மோதி விழுந்தது எந்த அறிக்கையிலும் இல்லை. அம்மம்மாவின் வாயில் மட்டும்தான் இருக்கு. வரலாறு எழுத வெளிக்கிடுகிற எங்களைப் போன்ற இளம் ஆக்கள் இதைக் கவனிக்க வேணும். ஆய்வுகூடத்துப் புரதத்தின் வரலாற்றை வருசம் தவறாமல் எழுதக் கூடியதாய் இருக்கு. அதே வருசங்களில் எங்கட வீட்டில் என்ன நடந்தது எண்டு எழுத, வயது போனவர்களிடம் போய்க் குந்தியிருந்து கேட்பதைவிட வேறு வழியில்லை. அவர்களும் எத்தனை காலத்துக்கு இருப்பார்கள்?

போன மாதம் அக்காவின் பிள்ளையைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மம்மாவும் வந்தா. மருத்துவமாது விற்றமின் ஏ குளிகையின் நுனியை வெட்டி, எண்ணெயைப் பிள்ளையின் வாயில் பிதுக்கிவிட்டா. பிள்ளை முகத்தைச் சுளித்தது. காட்டில் திகதி போட்டாயிற்று. எல்லாரும் வெளிக்கிட்டோம்.

அம்மம்மா மட்டும் கதிரையை விட்டு எழும்பவில்லை. தராசைக் காட்டி, "பிள்ளை, நிறை ஏறியிருக்கோ எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்கோவன்" என்று கேட்டா.

பார்த்தார்கள். ஏறியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவ எழும்பினா.